பிடிபட்ட தோணிகள்

ஒரு தோணி சரக்கேற்றி, நல்ல காற்றில் ஓடி, சேரவேண்டிய துறையில் சேர்ந்துவிட்டால் அதைப்பற்றி யாரும் எழுதிவைப்பதில்லை. உடைந்தால் எழுதுவார்கள். வரி கேட்டு மறித்தால் எழுதுவார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் அகப்பட்டால் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். யாழ்ப்பாணக் கடலின் வரலாற்றைப் படிப்பதும் படிப்பிப்பதுமாக நாற்பது வருடத்துக்கு மேல் போய்விட்டது. ஏடுகளில் எனக்குக் கிடைத்த தோணிகளில் அனேகமானவை இப்படி அகப்பட்டவைதான். அகப்படாமல் போனவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே என் தொழிலாகிவிட்டது.

முதலாம் வருட மாணவர்களுக்கு நயினாதீவுக் கல்வெட்டை நான் முதற் பாடமாக வைப்பது இதற்காகத்தான். நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள அந்தக் கல், பொலநறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) காலத்தது. தமிழில் வெட்டியது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதைப் படித்துப் பதிப்பித்தார். பிறநாட்டார் ஊராத்துறைக்கு வந்து தங்கவேண்டும், அவர்களுக்குக் காவல் உண்டு என்று அரசன் சொல்கிறான். அடுத்து உடைந்த கப்பலுக்கு வந்துவிடுகிறான். யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. அதன் வாயிலில் கப்பல் உடைவது அரசன் சட்டம் போட்டுப் பங்கு பிரிக்கும் அளவுக்கு வழமையான காரியம் என்பது அந்தச் சில வரிகளில் தெரிந்துவிடுகிறது. படைக்கு வேண்டிய மிருகத்தைக் கொண்டுவருபவனுக்குச் சலுகை. புடைவைக்காரன் பாதியை இழக்கவேண்டியதுதான்.

யானை மலிந்த நாட்டுக்கு யானை ஏன் வந்தது என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளை கேட்கும். நல்ல கேள்வி. இதே பராக்கிரமபாகு பர்மா மேல் படை அனுப்பியதற்கு யானை வியாபாரத்தில் வந்த பிணக்கையும் ஒரு காரணமாகச் சூளவம்சம் சொல்கிறது. அதை வாசித்துவிட்டு வா, பேசுவோம் என்று அனுப்பிவிடுவேன். வாசித்துவிட்டு வருகிற பிள்ளையை நான் விடுவதில்லை.

நான் கடற்கரையில் பிறந்தவள் இல்லை. உரும்பிராயின் செம்மண்ணில், கிணறும் துலாவும் புகையிலைத் தோட்டமுமாக இருந்த வீட்டில் வளர்ந்தேன். ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போனால்தான் கடல். எங்கள் சனம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே வாழப் பழகியது. யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதியவர்களும் பெரும்பாலும் எங்களைப்போலவே தோட்டத்து வேலியில் நின்று எழுதினார்கள். 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையை எடுத்துப் பாருங்கள்: சீதனம், முதுசம், ஒற்றி, வேலி, பனை. கடலைப் பாராத இந்தப் பழக்கத்துக்குள் சாதியும் இருக்கிறது. கரையிலிருப்பவனின் வாழ்க்கை தோட்டக்காரனின் பிள்ளைக்கு வரலாறாகப் படவில்லை. பல்கலைக்கழகத்தில் நான் இந்தத் துறையைத் தெரிவுசெய்தபோது ஒரு பெரியம்மா, “மீன்பிடிகாரரைப் பற்றிப் படிக்கவே உவளவு தூரம் போறாய்?” என்று கேட்டார். அவருடைய கைச்சங்கிலி, என் தாத்தாவின் புகையிலை திருவாங்கூருக்குத் தோணியேறிப் போன காசில் செய்தது.

அந்தப் புகையிலைதான் என்னைக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போனது. யாழ்ப்பாணப் புகையிலை வெட்டுவது பங்குனி, சித்திரை, வைகாசி. பாடம் பண்ணி எடுக்கும் வேளை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று தொடங்கிவிடும். சோளகத்தில் மலையாளக் கரை மூடிக்கிடக்கும். ஒரு தோணியும் அண்டமுடியாது. ஆகவே சரக்கு கிடங்கில் மாதக்கணக்கில் கிடக்கும், தோட்டக்காரனுக்குக் கைக்காசு வேண்டியிருக்கும், முற்பணம் கொடுக்க ஒருவன் வருவான், அவன் சொன்னதே விலை. வட்டியும் கடனும் உறுதியுமாக யாழ்ப்பாணத்தான் நீதிமன்றப் படிகளில் கழித்த காலத்துக்கு ஒரு காரணம் காற்று என்பதைத் தேசவழமை உரைகள் எதிலும் நான் படித்ததில்லை.

எனக்கு வழிகாட்டியவர் நான் ஒருநாளும் நேரில் காணாத ஒருவர். சின்னப்பா அரசரத்தினம், 1930இல் பிறந்தவர். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, லண்டனில் ஆய்வு செய்தார். இலங்கையில் ஒல்லாந்தர் ஆதிக்கம் 1658 முதல் 1687 வரை எப்படி வேரூன்றியது என்ற அவருடைய நூல் 1958இல் வெளிவந்தது. பிறகு மலாயாப் பல்கலைக்கழகம். 1970களில் அவுஸ்திரேலியாவின் நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அது ஆர்மிடேல் என்ற ஊரில் இருக்கிறது: மலைமேட்டில், கரையிலிருந்து நெடுந்தூரம் உள்ளே. சோழமண்டலக் கரையின் வணிகரைப் பற்றி இன்றும் முதலில் எடுத்துப் பார்க்கிற புத்தகம், 1986இல் வந்தது, அலைச்சத்தம் எட்டாத அந்த ஊரில் இருந்தவர் எழுதியது. 1998இல் காலமானார்.

அவரிடம் படித்தது ஒரு வாசிப்பு முறை. கொம்பனிக்காரன் யாரைப் புகழ்கிறான் என்று பார்க்காதே, யாரைத் திட்டுகிறான் என்று பார். ஒல்லாந்தக் கொம்பனிக் கடிதங்களில் நாகபட்டினத்திலும் காயல்பட்டினத்திலும் இருந்த தமிழ் வணிகரைப்பற்றிப் புலம்பல் நிறைய உண்டு: விலையைக் கெடுக்கிறார்கள், எங்கள் சீட்டை மதிக்கவில்லை, கீழக்கரை மரைக்காயரின் தோணி எங்கும் புகுந்துவிடுகிறது. அந்தப் புலம்பலைத் திருப்பிப் போட்டால் செழித்து நடந்த ஒரு வியாபாரம் முன்னால் நிற்கும். 1964இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ இதழில் பெரியதம்பி மரைக்காயர் என்ற பதினேழாம் நூற்றாண்டுப் பெருவணிகரைப் பற்றி அவர் எழுதிய சிறு கட்டுரையை முதுகலை மாணவியாக இருந்தபோது கையால் முழுவதும் பிரதி பண்ணினேன். நூலகத்தில் நிழற்படப் பிரதி இயந்திரம் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். எழுத எழுத, ஒவ்வொரு வசனமும் எந்த முறைப்பாட்டிலிருந்து வந்திருக்கும் என்று பிடிபடத் தொடங்கியது. ஒரு குறை எனக்கு அவரிடம் உண்டு. இவ்வளவையும் ஆங்கிலத்தில் எழுதினார். எங்கள் கரையில் தோணி விட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர் பெயரையே கேள்விப்பட்டதில்லை.

ஒல்லாந்த மொழி படிக்காமல் இந்தத் தொழிலுக்குள் வரமுடியாது. இன்றைய மொழி தெரிந்தால் மட்டும் போதாது. பதினேழாம் நூற்றாண்டுக் குமாஸ்தாவின் கை வேறு. கொழும்பில் தேசிய சுவடிக்கூடத்தில் உட்கார்ந்தால் முதலில் கையில் எடுப்பது ஜூரியான்ஸ 1943இல் வெளியிட்ட ஒல்லாந்த ஏடுகளின் விவரப்பட்டியல். பிறகு ஏடுகள். மை காகிதத்தைத் தின்றிருக்கும். ஒரு பக்கத்தைத் தூக்கினால் எழுத்து இருந்த இடம் ஓட்டையாக இருக்கும். நல்லவேளை, கொம்பனி ஒரு பிரதியோடு நின்றதில்லை. கொழும்பிலிருந்து பத்தாவியாவுக்கும் அங்கிருந்து ஒல்லாந்துக்கும் பிரதி மேல் பிரதியாக அனுப்பியது. இங்கே ஓட்டையான வரியை ஹேக் நகரத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தில் முழுதாகக் காணலாம். அங்கே அந்தக் கொம்பனியின் கட்டுகள் ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளமாக அடுக்கியிருக்கின்றன. நெதர்லாந்துப் புலமைப்பரிசில் ஒன்றில் நான் அங்கே போயிருந்த குளிர்காலத்தில், வெளியே பனி கொட்ட, உள்ளே இருந்து ஊர்காவற்றுறையில் யானை ஏற்றிய கணக்கை வாசித்துக்கொண்டிருந்தேன்.

யானைக் கணக்கு சுலபமானது. கொம்பனிக்கு அதில் நல்ல காசு. வன்னியில் பிடித்து, ஆனையிறவு வழியாக நடத்தி, யாழ்ப்பாணத்தில் விற்று, கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த வியாபாரிகளுக்குக் கப்பலேற்றினார்கள். அளவு முழத்தில் இருக்கும், விலை இருக்கும், வாங்கியவன் பேர் இருக்கும். காசுள்ள இடத்தில் குமாஸ்தா கவனமாக எழுதுவான். நெல்லும் புடைவையும் சட்டியும் பானையும் ஏற்றி ஓர் இரவில் வந்துபோகும் சிறு தோணிக்கு அந்தக் கவனம் கிடைக்காது. ஒரு வரி. சிலவேளை அந்த வரியில் தோணிக்காரனின் பேர்கூட இராது.

அந்த ஒற்றை வரிகளை எப்படி வாசிப்பது என்பதை எனக்குச் சொல்லித்தந்தவர் வல்வெட்டித்துறையில் ஒரு பழைய தண்டையல், பாய்க்கப்பல் தலைவர். 1980களின் தொடக்கம். சிறுவயதில் ரங்கூன் ஓட்டத்துக்குப் போனவர். வீட்டு விறாந்தையில் சாக்குக்கட்டிலில் கிடப்பார். நான் போய்க் கடலைப்பற்றிக் கேட்டால் பதில் வராது. கோயில் திருவிழாவைப்பற்றியே பேசுவார். ஒருநாள் வேறு வழியில்லாமல், நான் எழுதி வைத்திருந்த அட்டைகளை வாசித்துக் காட்டினேன். நாகபட்டினத்திலிருந்து பருத்தித்துறைக்கு வந்த தோணிகளின் திகதிகள். எழும்பி இருந்துவிட்டார்.

“பிள்ளை, ஆனி மாசம் நாகபட்டினத்தாலை வாறதெண்டால் சோளகம் பக்கத்தாலை அடிக்கும். பாயை இழுத்துக் கட்டினால் ஒரு இரவு. உதிலை என்ன அதிசயம்? கார்த்திகையிலை ஒண்டு வந்தது எண்டு வாசிச்சீர், அதைத்தான் விசாரிக்க வேணும்.”

“ஏன் ஐயா, வாடைக்கு வரேலாதோ?”

“வரலாம். வந்து எங்கை நிக்கிறது? வாடை நேரை கரையிலை போட்டு அடிக்கும். பருத்தித்துறையிலை நங்கூரம் பிடிக்காது. நாங்கள் வாடைக்குக் கப்பலெல்லாம் ஊர்காத்துறைக்குக் கொண்டுபோய் விட்டிடுவம். அந்த மாசத்திலை ஒருத்தன் உதாலை வந்தவனெண்டால், ஒண்டு அவன் விசரன், இல்லாட்டி அவனுக்கு நல்ல விலை காத்திருக்கு.”

திரும்பிப் போய் அந்தத் தோணியின் சரக்கைப் பார்த்தேன். அரிசி. கார்த்திகையில் வடபகுதியில் காலபோக நெல் வயலில் நிற்கும். அறுவடை தை, மாசியில். பழைய நெல் முடிந்து புது நெல் வராத அந்த இடைவெளியில் ஒருவன் உயிரைப் பணயம் வைத்து அரிசி கொண்டுவந்தால் கரையில் பசி இருந்திருக்கிறது என்று அர்த்தம். குமாஸ்தா அதை எழுதவில்லை. அவன் எழுதியது திகதியும் சரக்கும் தீர்வையும். அன்றிலிருந்து என் அட்டைகளில் ஒரு நிரல் கூடியது. ஒவ்வொரு திகதிக்கும் பக்கத்தில் அந்த நாளில் அடித்திருக்கக்கூடிய காற்றை எழுதுவேன்: சோளகம், வாடை, கொண்டல், கச்சான். மாணவர்களுக்கும் இதுதான் கட்டளை. இதில் ஒரு பொறியும் உண்டு. ஒல்லாந்தர் புதிய நாட்காட்டியில் எழுதினார்கள்; ஆங்கிலேயர் 1752 வரை பழையதில். சென்னைக் கோட்டைக் கடிதத்தையும் யாழ்ப்பாணக் கடிதத்தையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் பதினேழாம் நூற்றாண்டில் பத்து நாள் பிசகும், பதினெட்டில் பதினொரு நாள். காற்று மாறும் பருவத்தில் பத்து நாள் என்பது பெரிய காரியம்.

இன்னொரு வகைச் சரக்கைப்பற்றியும் எழுதவேண்டும். யாழ்ப்பாணத்தில் கொமாண்டராக இருந்த சுவார்டெகுரூன் 1697இல், தான் இல்லாத காலத்தில் யாழ்ப்பாண நிர்வாகச் சபைக்கு வழிகாட்டியாக ஒரு நீண்ட அறிக்கை எழுதிவைத்தார். சோபியா பீற்றர்ஸ் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1911இல் கொழும்பில் அச்சானது. சிரத்தையான நிர்வாகி; கிணறு, பாலம், பள்ளிக்கூடம், தோணிச் சீட்டு எல்லாவற்றுக்கும் பந்தி வைத்திருக்கிறார். 1694 முதல் 1696 வரை தஞ்சாவூர்ப் பக்கம் போரிலும் பஞ்சத்திலும் கிடந்தது. அந்த வருடங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து அடிமைகளாக இங்கே கொண்டுவரப்பட்டார்கள். தனியார் கொண்டுவந்தார்கள், கொம்பனி தலைக்கு வரி எடுத்தது. வரி எடுத்ததால் நமக்குத் தெரிகிறது. பசியில் தங்களையும் பிள்ளைகளையும் விற்ற தமிழர். ஏற்றிவந்தது தமிழருடைய தோணி. வாங்கிய தோட்டக்காரரும் தமிழர்.

இதை ஒரு கருத்தரங்கில் வாசித்தபோது மண்டபம் அவ்வளவு சந்தோஷப்படவில்லை. எங்கள் மூதாதையர் கடலாண்டார்கள் என்று கேட்க வந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கவும் என்னிடம் சரக்கு இருந்தது. 1344இல் பயணி இபின் பதூதா புத்தளத்தில் யாழ்ப்பாண அரசன் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்ததையும், அவனுடைய கப்பல்கள் நூறை ஒரே முறையில் மாபர் எனப்பட்ட தமிழகக் கரையில் கண்டதாக எழுதியதையும் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கலாம். அதையும் சொன்னேன். ஆனால் நூறு கப்பலைச் சொல்கிறவள் அந்த மூவாயிரம் பேரையும் சொல்லத்தான் வேண்டும். ஒரே கடல், ஒரே கரை.

வல்வெட்டித்துறையின் பெருமை என்றால் எல்லோரும் ‘அன்னபூரணி’யைச் சொல்வார்கள். சொல்லவேண்டியதுதான். 1930இல் அந்தக் கரையிலே மேத்திரிமார் கட்டிய கப்பல், வேப்பமரம், ஏறத்தாழ 89 அடி நீளம். தன் சிறு பாய்க்கப்பலில் உலகத்தைச் சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் அல்பேட் ரொபின்சன் அதைக் கண்டு ஆசைப்பட்டு வாங்கினார், மனைவி பேரைச் சூட்டி ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ ஆக்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை ஓட்டிக்கொண்டு போனார்கள். சூயஸ் தாண்டி, மத்தியதரைக் கடல் தாண்டி, அத்திலாந்திக்கையும் தாண்டி 1938 ஓகஸ்டில் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்ந்தது. அமெரிக்கப் பத்திரிகைக்காரர் வந்து படம் எடுத்தார்கள். படம் எடுத்ததால் இன்று நினைவிருக்கிறது. அதே மேத்திரிமாரின் கையால் கட்டி, ரங்கூனுக்கும் அக்கியாபுக்கும் சிட்டகொங்குக்கும் அரிசிக்கும் மரத்துக்கும் போய்வந்த மற்றக் கப்பல்களுக்குப் படமில்லை. மேத்திரியாருக்கு வரைபடமும் இல்லை. ஏராவை, கப்பலின் அடிமரத்தை, நட்டுவிட்டு மற்றதெல்லாம் கண்ணால். அந்தக் கைக்கணக்கை ஒருவரிடமாவது முழுமையாகக் கேட்டு எழுதியிருக்கவேண்டிய தலைமுறை எங்களுடையது. கொஞ்சம் எழுதினோம். பிறகு போர்: 1987 வந்தது, 1989 வந்தது; வல்வெட்டித்துறையில் வீடு எரிந்தால் கூடவே பெட்டகம் எரிந்தது, பெட்டகத்துக்குள் இருந்த கணக்குக் கொப்பியும் எரிந்தது.

1948இல் குடிவரவு குடியகல்வுச் சட்டம். 1953இல் நாணயக் கட்டுப்பாட்டுச் சட்டம். பருத்தித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு நேர்கோட்டில் அறுபது கிலோமீற்றர் சொச்சம்தான்; கலியாணத்துக்கும் கோயிலுக்கும் சேலைக்கும் அந்தத் தூரத்தைப் போய்வந்த சனம் ஒரே தலைமுறைக்குள் கடத்தல்காரராகிவிட்டது. தோணி அதே தோணி, பாதை அதே பாதை. இதற்குப் பிந்திய காலத்தை ஆராய வருகிறவன் சுங்கத்தை விட்டுவிட்டு நீதவான் நீதிமன்றப் பதிவுக்குப் போகவேண்டியிருக்கிறது. அங்கேயும் அகப்பட்டவன்தான் இருப்பான்.

1981 மே முடிவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைப்பற்றி நிறைய எழுதியாயிற்று. 97,000 புத்தகம் என்ற எண்ணிக்கை எல்லோருக்கும் தெரியும். என் துறைக்கு நேர்ந்தது வேறு வகையில் சில்லறையானது: துறைமுக நகரத்துக்காரர் தாமாகக் கொண்டுவந்து கொடுத்த பழைய பத்திரிகைக் கட்டுகள், கைப்பிரசுரங்கள், இன்னொரு பிரதி எங்கும் இல்லாதவை. ஹேக்கில் யாழ்ப்பாணத்து யானையைத் தேடமுடிகிறது, யாழ்ப்பாணத்தில் யாழ்ப்பாணத்துத் தோணியைத் தேடமுடியவில்லை.

1990களின் முற்பகுதியில் ஆனையிறவு வழி மூடிக்கிடந்தது. குடாநாட்டை விட்டு வெளியே போகவேண்டுமென்றால் கிளாலியில் இரவு வள்ளமேறிக் கடல்நீரேரியைக் கடக்கவேண்டும். கொழும்புச் சுவடிக்கூடத்துக்குப் போகிற ஆய்வாளருக்கும் அதே வழிதான். நானும் ஏறினேன். ஒரு கயிற்றில் நாலைந்து வள்ளம் கட்டி, முன்னால் இயந்திர வள்ளம் இழுக்கும். விளக்கில்லை. பிள்ளைகள் அழாமலிருக்க வாயைப் பொத்திக்கொண்டிருப்பார்கள். என் மடியில் பிஸ்கற் தகரத்துக்குள் அட்டைகள். கரை சேர்ந்தால் சீட்டு. வவுனியாவில் இன்னொரு சீட்டு. எங்கே போகிறாய், ஏன் போகிறாய், எப்போது வருவாய். ஒல்லாந்தர் காலத்துத் தோணிச் சீட்டுகளை நான் அதற்கு முன் நிர்வாக வரலாறாகத்தான் வாசித்திருந்தேன். எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்கு, எத்தனை பேர், என்ன சரக்கு என்ற அந்த வரிசையை மறுபடி எடுத்தபோது, சீட்டுக்காக வரிசையில் நின்ற ஆளின் பக்கத்திலிருந்து வாசித்தேன். சீட்டு எடுக்காமலே போனவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதையும் அதற்குப் பிறகு நான் கொஞ்சம் தாராளமாகவே கணக்கிடுகிறேன்.

தெற்கில் இந்தப் போர்க்காலத்திலேயே கடலடி ஆய்வு நடந்தது. காலித் துறைமுகத்தில் 1659இல் மூழ்கிய ‘அவொண்ட்ஸ்டர்’ என்ற ஒல்லாந்தக் கப்பலை 2001 முதல் நீருக்கடியில் அகழ்ந்தார்கள். கடல்சார் தொல்லியல் பிரிவு ஒன்றே அதைச் சுற்றி வளர்ந்தது. 2004 டிசெம்பர் சுனாமி அவர்களுடைய ஆய்வுகூடத்தை அள்ளிக்கொண்டு போனது, திரும்பவும் கட்டினார்கள். வடக்கில் முக்குளிப்பது என்ன, கரையில் நின்று படம் எடுப்பதே அன்று சந்தேகத்துக்குரிய காரியமாக இருந்தது. பராக்கிரமபாகு பங்கு பிரித்த அந்தக் கப்பல்கள் ஊர்காவற்றுறை வாயிலில் எங்கேயோ சேற்றுக்குள் கிடக்கவேண்டும். அல்லைப்பிட்டிக் கரையில் சொங் காலத்துச் சீனப் பாண்டத்துண்டுகள் கிடைத்திருக்கின்றன. 1970களின் பிற்பகுதியில் ஜோன் காஸ்வெல் அங்கே தோண்டினார். அண்மையில் சீனத்திலிருந்தும் ஒரு குழு வந்து தோண்டியது. கரைக்கு வந்த பாண்டம் கிடைக்கிறது; கொண்டுவந்த கலம் இன்னும் கிடைக்கவில்லை. முக்குளிக்கத் தெரிந்த பிள்ளைகள் குருநகரிலும் மண்டைதீவிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனையாவது தொல்லியல் படிக்க வைக்கவேண்டுமென்று நான் சொல்லாத கூட்டமில்லை. ஒருத்தி வந்திருக்கிறாள்; தகப்பன் சங்கு குளிக்கிறவர்.

2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. கொஞ்ச நாளிலே நின்றது. வாடை. என் மாணவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். மறு வருடம் ஓகஸ்டில், சோளகத்தில், மறுபடி தொடங்கினார்கள்.

இப்போது மேசையில் கிடப்பது ரொறன்ரோவிலிருந்து வந்த ஒரு கொப்பியின் படங்கள். வல்வெட்டித்துறைக் குடும்பம் ஒன்று 1980களில் வெளியேறியபோது நகையோடு சேர்த்துக் கொண்டுபோனது. பேரன் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புகிறான். தாத்தாவின் கப்பல் கணக்கு. தண்டையலுக்கு எத்தனை பங்கு, கப்பற்காரருக்கு எத்தனை, கோயிலுக்கு எத்தனை, ரங்கூனில் கயிறு வாங்கியது, நாகபட்டினத்தில் ஒருவனுக்கு வைத்தியச் செலவு. ஓடிப்போய்ச் சேர்ந்த ஓட்டங்களின் கணக்கு. ஒரு அதிகாரியும் கண்ணால் காணாதது. மாதங்கள் தமிழ் மாதங்கள், ஆனால் சில பக்கத்தில் வருடமில்லை. போன கிழமை பேரனை அழைத்தேன்.

“தம்பி, நீர் எழுத்துள்ள பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்புறீர். மட்டையையும் எடும். உள்மட்டையிலை கடைக்காரன்ரை முத்திரை இருக்கும், ரங்கூன் கடையோ நாகபட்டினக் கடையோ எண்டு பாக்கவேணும்.”

“வெறும் பக்கங்களும் வேணுமோ அன்ரி?”

“எல்லாம் வேணும். அங்கங்கை ஏதும் ஒட்டியிருந்தால் உரிக்கவேண்டாம், அப்பிடியே எடும்.”

சனிக்கிழமை வேலை இல்லை, அன்றைக்கு எடுத்து அனுப்புகிறேன் என்றான்.